மண்டபத்து மாடி அறை: சிமெண்ட் பலகைச் சுவரில் கசிவையும் துருவையும் தேடிப் பிடித்தது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மாமா வீட்டு மாடி அறைகள் இந்த வாடை மழையைத் தாங்கிவிட்டன. ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி பாதி வரை விட்டுவிட்டு அடித்த மழையில் உள்சுவரில் ஓதம் ஏறவில்லை, ஜன்னலுக்கு மேலே ஜிப்சம் போர்டில் முந்தின வருடம் வந்த மஞ்சள் கறை திரும்ப வரவில்லை, கதவைத் திறந்ததும் அடிக்கும் அந்த முடை நாற்றமும் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் செய்தது பலித்ததா என்று எனக்கே தெரிந்திருக்காது.

என்ன சுவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே பழைய செங்கல் வீடு. மொட்டை மாடியில் இரும்பு ட்யூப்பில் சட்டம் நட்டு, கலர் ஷீட் கூரை போட்டு, ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்கள் தங்குவதற்கு இரண்டு அறை. வீட்டுக்குப் பின்னால் தரையிலேயே இன்னொரு அறை. மூன்றுக்கும் வெளிச்சுவர் ஃபைபர் சிமெண்ட் சைடிங். எட்டு அங்குல அகலம், பத்தடி நீளம், 8 மி.மீ. கனத்தில் வரும் பலகைகளைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடிப்பார்களே, அதுதான். சிமெண்ட், நைசான மணல், மரக்கூழ் நார் சேர்த்து நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய பலகை. ஆஸ்பெஸ்டாஸ் இதில் கிடையாது. கரையான் தொடாது, தீப்பிடிக்காது, மாடியில் பாரமும் அதிகம் ஏறாது. நம் கரையோரத்துக்குப் பொருத்தமான சாமான் என்றுதான் இத்தனைக்குப் பிறகும் சொல்வேன்.

ஆனால் கட்டி மூன்று வருடத்துக்குள்ளேயே தெற்குச் சுவர் முழுக்க ஸ்க்ரூத் தலைகளிலிருந்து துரு வடிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. வடகிழக்கு அறையில் மழை பெய்தால் ஜன்னலுக்கு மேலே சொட்டியது. பின்னறையில் கீழ் வரிசைப் பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருந்தது. "பலகையே மட்டம் மாப்ள, எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஹாலோ பிளாக் கட்டிருவோம்" என்றார் மாமா. வந்து பார்த்த கொத்தனார் கூரைதான் ஒழுகுகிறது என்றார். பெயின்டர் டேம்ப் ப்ரூஃப் இரண்டு கோட் அடித்தால் எல்லாம் நின்றுவிடும் என்றார். மூன்று பேருமே சுவரை ஒரு இடத்தில் பார்த்துவிட்டு மொத்தச் சுவருக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். பிடுங்குவதற்கு முன் ஒழுங்காகப் பரிசோதித்துவிடலாம் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். தை அமாவாசைக் கூட்டம் வடிந்து மாசியில் அறைகள் காலியானதும் தொடங்கினோம்.

முதல் வேலை, கையே வைக்காமல் பார்ப்பது. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு சார்ட் தாளில் பலகை வரிசைகளைக் கோடு போட்டு வரைந்துகொண்டேன். சுவரைப் பார்க்கச் சரியான நேரம் காலையில் வெயில் ஏறுவதற்கு முன். இரவு ஈரம் எங்கே இன்னும் காயாமல் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும், நிறம் கொஞ்சம் கருத்திருக்கும். பிறகு இருட்டிய பின் ஒரு முறை, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நீளவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். பகலில் மட்டமாகத் தெரிகிற பலகையில் உப்பல், அலை, புதைந்த ஸ்க்ரூக் குழி எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். துருவுக்குச் சிவப்பு சாக்பீஸ், ஓதத்துக்கு நீலம், உப்பலுக்கு வெள்ளை என்று சுவரிலேயே குறித்து, அப்படியே தாளுக்கு ஏற்றினேன்.

தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது. சிவப்புக் குறியெல்லாம் தெற்கிலும் மேற்கிலும், நீலக் குறியெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும். இந்த வீட்டுக்குத் தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா), வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா). வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தெற்கு, மேற்குச் சுவர்களில் உப்பையும் மணலையும் கொண்டுவந்து அப்பும், அந்த மாதங்களில் அதைக் கழுவ மழை இருக்காது. மழை வாடையோடு வடகிழக்கிலிருந்து வரும்போது அடி வாங்குவது எதிர்ப்பக்கச் சுவர். ஆக இது ஒரே வியாதி இல்லை, இரண்டு வியாதி. ஒன்று ஸ்க்ரூவைத் தின்பது, இன்னொன்று தண்ணீர் உள்ளே போவது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இன்னும் ஒன்று கவனித்தேன். தெற்குச் சுவரில் துரு மிக மோசமாக இருந்தது கூரை நீட்டத்துக்கு நேர் கீழே உள்ள மேல் இரண்டு வரிசையில். மழையே படாத இடம். அதற்குக் கீழே, எப்போதாவது மழை நனைத்துக் கழுவுகிற வரிசைகளில் துரு குறைவு. நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு. காற்று கொண்டுவரும் உப்பு ஒதுக்கான இடத்தில் படிந்தபடியே கிடக்கும். இரவு ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து ஈரமானி. மரத்துக்குப் பயன்படுத்துகிற, இரண்டு ஊசி வைத்த சாதாரண மாடல், 2,400 ரூபாய். வைத்த இடமெல்லாம் உச்சத்தில் நின்றது, வறண்டு கிடந்த தெற்குச் சுவரில்கூட. மொத்தச் சுவரும் ஊறிப்போச்சு என்று மாமா பதறிவிட்டார். பரணில் கட்டிய நாளிலிருந்து மிச்சம் கிடந்த ஒரு பலகையில் வைத்துப் பார்த்தால் முள் கீழே இருக்கிறது. அப்புறம் தெற்குச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் நல்ல தண்ணீரால் துடைத்து, மறுநாள் மாலை வரை காயவிட்டு அளந்தேன். துடைத்த இடத்தில் அளவு விழுந்துவிட்டது, துடைக்காத இடத்தில் அப்படியே இருந்தது. இந்தக் கருவி ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. மேலே உப்பு இருந்தால் ஈரம் இல்லாமலே அது கத்தும். கடலோர வீட்டில் ஈரமானி எண்ணை அப்படியே நம்பி யாரும் பலகையைப் பிடுங்கிவிடாதீர்கள். துடைத்துவிட்டு, காய்ந்த மாதிரிப் பலகை ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டும் அது உபயோகம்.

அதற்குப் பதில் நம்பகமாக இருந்தது ஐந்து ரூபாய் நாணயம். பலகையை நாணய விளிம்பால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஏடு பிரிந்த இடத்தில் மொத்தையாக, செத்த ஒலி வரும். பின்னறைக் கீழ் வரிசையிலும், மாடியில் ஜன்னலின் இரண்டு பக்கத்திலும், ஏ.சி. பைப் ஓட்டையைச் சுற்றியும் அந்த ஒலி. மற்ற இடத்தில் பலகை முழுசாக இருந்தது. எங்கெல்லாம் பலகை கெட்டிருந்ததோ அங்கெல்லாம் ஒரு வெட்டு விளிம்பு இருந்தது. பலகையின் நடுவில் ஒரு இடத்தில்கூடக் கெடவில்லை.

பிறகு அளவுகள். இஞ்ச் டேப், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், ரசமட்டம், நூல், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். பலகை தயாரிப்பாளர்களின் கையேடுகள் மண்ணுக்கும் பலகையின் அடி விளிம்புக்கும் நடுவே 150 மி.மீ., சிமெண்ட் தளம், கூரை போன்றவற்றுக்கு மேலே 50 மி.மீ. இடைவெளி கேட்கின்றன. மாடியில் பலகை நேராகத் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மழை நாளில் தளத்தில் நிற்கும் தண்ணீரை அது அடியிலிருந்து உறிஞ்சும். பின்னறையில் கட்டும்போது இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், கச்சான் கொண்டுவந்து குவித்த மணல்தான் அதை மூடி, முதல் பலகையைப் பாதி புதைத்துவிட்டது. மண்வெட்டியால் மணலை ஒதுக்கியதும் ஒரே நேர்கோட்டில் ஈர எல்லை தெரிந்தது, அந்தக் கோட்டுக்குக் கீழே பலகையை நகத்தால் கீறினாலே ஏடு வந்தது.

மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் குறைந்தது 32 மி.மீ. ஏற வேண்டும். வடக்குச் சுவரில் கடைசி இரண்டு வரிசையில் 15, 18 என்று இருந்தது. கூரைக்குக் கிட்டே போனதும் ஒரு பலகையை மிச்சப்படுத்த இழுத்து அடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூ, விளிம்பிலிருந்து 12 மி.மீ., மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. இங்கே முன்துளை போடாமல், மூலைக்கு 20 மி.மீ. தூரத்திலேயே அடித்திருந்ததில் பல மூலைகள் விரிசல் விட்டிருந்தன. காந்தத்தைச் சுவரில் உருட்டிக்கொண்டே போய்ச் சட்டக் கால்களின் தூரத்தைப் பார்த்தேன். மற்றச் சுவரில் 600 மி.மீ., மேற்குச் சுவரில் மட்டும் 900. அந்தச் சுவர்ப் பலகைகள் அலை அலையாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெற்குச் சுவரில் துரு வடிந்த ஒன்றைக் கழற்றினேன். தலையில் பெயின்ட்டும் பட்டியும் (புட்டிப் பூச்சு) மூடி வெளியே பார்க்க ஓரளவு நன்றாகவே இருந்தது. ஆனால் பலகையும் இரும்புச் சட்டமும் சேருகிற இடத்தில், அந்தக் கழுத்துப் பகுதியில், தண்டு பென்சில் முனை மாதிரி ஒடுங்கிப்போய், மரை என்று ஒன்றுமே இல்லை. கட்டைவிரலால் வளைத்தேன், சத்தம்கூட இல்லாமல் முறிந்தது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. சுவர் நின்றுகொண்டிருந்தது பட்டியின் பிடியில் என்றுகூடச் சொல்லலாம். ஒரு பெருங்காற்று அடித்திருந்தால் மேல் வரிசைகள் மாடியிலிருந்து பறந்திருக்கும், கீழே ஆள் நடமாடுகிற தெரு.

கறுப்பு நிறத்தில் வரும் ஜிப்சம் ஸ்க்ரூ அது. வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுவது. வெளிச்சுவருக்கு ஆகவே ஆகாது. நடுவில் தீர்ந்துபோனபோது மஞ்சள் முலாம் ஸ்க்ரூவும் கலந்திருக்கிறார்கள், அதுவும் இந்தக் காற்றுக்கு நிற்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் போட்டுத்தான் கட்டினார்கள், இந்தக் கடலைத் தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். அதே காற்றில் ஒரு ரூபாய் கறுப்பு ஸ்க்ரூ எப்படித் தாங்கும்?

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்க்க ஹோஸ் பரிசோதனை. இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் பீய்ச்சினால் தண்ணீர் எல்லா ஓட்டை வழியாகவும் இறங்கும், எது காரணம் என்று பிரிக்க முடியாது. இரண்டு, கிணற்றுத் தண்ணீர் கூடாது. இங்கே கிணறு உவர், சுவருக்குப் பின்னால் உப்பை நாமே ஊற்றினது போலாகிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் டிரம்களில் பிடித்துவைத்து, சின்ன மோட்டார் போட்டு அடித்தோம். வீட்டில் குடிக்கிற தண்ணீரைச் சுவருக்கு அடிக்கிறீர்களே என்று அத்தைக்கு வருத்தம்தான், அது நியாயமான வருத்தமும்கூட, அதனால் சந்தேகமான சுவருக்கு மட்டும், அளந்து அளந்து.

உள்ளே ஜன்னலைச் சுற்றி ஜிப்சம் போர்டைக் கழற்றிவிட்டு மாமாவை டார்ச்சோடு உட்காரவைத்தேன். ஜன்னலுக்குக் கீழே பத்து நிமிடம் அடித்தேன், ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அடித்தேன், ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு மேல் வரிசைக்கு வந்ததும் சில நிமிடத்திலேயே "வந்துருச்சு, வந்துருச்சு" என்று உள்ளிருந்து குரல். அடுத்து, வாசல் முகப்பின் சின்னக் கூரை சுவரோடு சேருகிற மூலையில் அடித்தேன், அங்கே சொட்டவில்லை, சட்டத்தின் வழியாக ஓடையாகவே இறங்கியது. கடைசியாகப் பெரிய கூரை மேல் அரை டிரம் ஊற்றினோம். ஒரு சொட்டு இல்லை. கூரை மேல் விழுந்திருந்த பழி அத்தோடு போயிற்று.

இப்போது திறக்கலாம். ஜன்னல் தலையில் பலகையைக் கழற்றினால் தகடு மடிப்பு என்று ஒன்றுமே இல்லை. ஜன்னல் சட்டத்துக்கும் அதற்கு மேலுள்ள பலகைக்கும் நடுவே சிலிக்கானைப் பிதுக்கி அடைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அக்கறையாகச் செய்த வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் மேல் வரிசை ஜாயின்ட்டுகள் வழியாகப் பலகைக்குப் பின்னால் இறங்கி வருகிற தண்ணீர் வெளியே போக இருந்த ஒரே வழி அதுதான், அதை அடைத்ததால் உள்ளே திரும்பிவிட்டது. அங்கே இருக்க வேண்டியது முன்பக்கம் சரிந்த ஒரு தகடு, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே 6 மி.மீ. திறப்பு, அந்தத் திறப்பில் சீலன்ட் கூடவே கூடாது. எதை அடைக்க வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும் என்பது தெரியாமல் போட்ட சீலன்ட், போடாததைவிட மோசம்.

முகப்புக் கூரை மூலையில் ஷீட்டின் ஓரமாக ஓடிவரும் தண்ணீரை வெளியே திருப்பிவிட மடித்த தகடு வேண்டும். அது இல்லாததால் மழை முழுவதும் நேராகப் பலகையின் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு ஊறிக் கனத்துக் கிடந்தது, பிழிந்தால் தண்ணீர். பலகைக்குப் பின்னால் தண்ணீர் தடுக்கும் துணி எந்தச் சுவரிலும் இல்லை. தலைக்குத் தலை சேரும் ஜாயின்ட்டுகளில் வெள்ளை சிமெண்ட்டைத் தேய்த்திருந்தார்கள், அது வெயிலில் வெடித்து முடி போன்ற இடைவெளி விட்டிருந்தது. ஏ.சி. பைப்புக்குப் போட்ட ஓட்டை உள்பக்கம் சரிந்திருந்தது, குழாயோடு வழியும் தண்ணீர் அறைக்குள்தான் வரும். அந்த ஏ.சி.யின் கழிவுத் தண்ணீர்க் குழாயை அப்படியே தொங்கவிட்டிருந்ததால், அது பின்னறைப் பலகையின் ஓரத்தில் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

கழற்றிய பலகையின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஐ.எஸ். 14862 முத்திரை, அதாவது இந்தப் பலகைக்கான இந்தியத் தரக் குறி, அதில் ஏ வகை. வெயில், மழை நேரடியாகப் படுகிற இடத்துக்கான வகை அதுதான், பி வகை அதற்கில்லை. பி வகையாக இருந்திருந்தால் மாமா சொன்னது போல மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த முத்திரையை அவருக்குக் காட்டிய பிறகுதான் ஹாலோ பிளாக் பேச்சு நின்றது.

சரிசெய்யும் வேலைக்கு உச்சிப்புளிக்காரர் ஒருவரைப் பிடித்தேன், படகு மராமத்து தெரிந்த அண்ணன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாளும் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை நடக்கும், அவர் கிடைக்கவே மாட்டார். அதனால் பங்குனிக்குள் முடித்தே ஆக வேண்டும். ஸ்க்ரூ விஷயத்தில் அவரிடம் கற்றது நிறைய. கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) என்று கொடுத்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவில் காந்தத்தை வைத்தார், பட்டென்று ஒட்டியது. "இது 410 தம்பி, இதுவும் எஸ்.எஸ்.தான், ஆனா கடல் பக்கம் சிவந்துரும்" என்றார். 410 போலவே 304, 316 என்பவையும் எஸ்.எஸ். ரகங்கள், ஆனால் அவை இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். அவ்விரண்டில் எது எது என்று காந்தத்தால் பிரிக்க முடியாது, அதற்குப் பில்லையும் பெட்டியையும் நம்பத்தான் வேண்டும். படகுச் சாமான் விற்கும் கடையில் 316 வாங்கினோம், 8 நம்பர், 38 மி.மீ. தானே துளை போடும் முனை அதில் இல்லை. அதனால் பலகையில் 5 மி.மீ., இரும்பு ட்யூப்பில் 3.5 மி.மீ. என்று முன்துளை போட்டு, துளையில் ஒரு பொட்டு பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து, ட்ரில்லின் கிளட்சைக் குறைத்து முடுக்கினோம். தலை பலகையோடு மட்டமாக நிற்க வேண்டும். புதைந்தால் பலகையின் மேல்தோல் உடைந்து பிடி போய்விடும், அப்படிப் புதைந்த பழைய ஓட்டைகளை நிரப்பிவிட்டு 25 மி.மீ. தள்ளிப் புதிதாக அடித்தோம்.

நல்ல சுவர்களில் பலகையைக் கழற்றாமல் ஸ்க்ரூ மட்டும் மாற்றினோம். வடக்கிலும் கிழக்கிலும் முழுக்க இறக்கி, சட்டத்தைச் சுரண்டி, துளை விழுந்த இடங்களில் ஜிங்க் ப்ரைமர் அடித்து, தண்ணீர் தடுத்து நீராவியை விடுகிற துணியை மதுரையிலிருந்து வரவழைத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. பட்டை வைத்துப் பலகைக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி கொடுத்தோம். ஜாயின்ட் எல்லாம் சட்டக் காலின் மேலேயே வரும்படி மாற்றி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆறு அங்குலத் தகடு. தகடு அலுமினியம், இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தது. வெறும் அலுமினியம் சிமெண்ட் காரத்தில் பொத்துப்போகும். மாடியில் அடி வரிசையை 50 மி.மீ. உயர்த்தி வெட்டினோம்.

வெட்டும்போது பறக்கிற தூசியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றாலும் மணலின் சிலிக்கா இருக்கிறது, அந்த நைசுத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். மொட்டை மாடியில் கிரைண்டரை வைத்து, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுகிற பழக்கத்தை எல்லா இடத்திலும் பார்க்கிறேன், துண்டு அதைத் தடுக்காது, என்95 மாஸ்க் வேண்டும். நேர் வெட்டுகளுக்குக் கார்பைடு கீறியால் ஸ்கேல் வைத்து நாலைந்து முறை ஆழமாகக் கீறி, விளிம்பில் வைத்து ஒடித்தோம், தூசி மிகக் குறைவு. வளைவுக்கும் பைப் ஓட்டைக்கும் மட்டும் மெஷின், அதுவும் கீழே வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி. வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும் தரையிலேயே அக்ரிலிக் ப்ரைமர் இரண்டு கை. பலகையை ஏற்றிய பிறகு அந்த விளிம்புக்குப் பிரஷ் போகாது.

செலவு: 316 ஸ்க்ரூ 900 எண்ணம், ஒன்பது ரூபாய் வீதம் 8,100. புதிய பலகை 26, ஒன்று 480 வீதம் 12,480. சீலன்ட் 4,560, துணி 6,500, தகடும் மடிப்புக் கூலியும் 5,200, ப்ரைமர், பெயின்ட் 9,400, சார வாடகை 2,800, ஆள் கூலி 31,000. மொத்தம் 80,040 ரூபாய். பிடுங்கிவிட்டு ஹாலோ பிளாக் கட்ட மாமாவுக்கு ஒருவர் சொன்ன தொகை மூன்றரை லட்சம், அந்தப் பாரத்தைப் பழைய தளம் தாங்குமா என்பது தனிக் கேள்வி. எனக்கு மனசு வலிப்பது முதல் வரிதான். கட்டும்போதே நல்ல ஸ்க்ரூ போட்டிருந்தால் கூடுதலாக ஆகியிருக்கும் பணம் ஏழாயிரத்துச் சொச்சம். பலகையில் யாரும் ஏமாற்றவில்லை. பலகையைப் பிடித்திருந்ததிலும் அதன் விளிம்பிலும்தான் கஞ்சம் பிடித்திருக்கிறார்கள்.

புதிதாக ஒரு வீட்டுக்கு இதையே செய்வதானால் நான் மாற்றுவது முதலில் சட்டம். ரெட் ஆக்சைடு அடித்த ட்யூப் வேண்டாம், வெட்டி வெல்டு வைத்து முடித்த பிறகு மொத்தமாகச் சூட்டுக் குளியலில் துத்தநாகம் ஏற்றிய சட்டம்தான். கால்களுக்கு நடுவே கடலோரத்தில் 400 மி.மீ.க்கு மேல் விடமாட்டேன். வேலை நடக்கும்போதே, பலகை மூடுவதற்கு முன், ஜன்னல் தலைத் தகடுகளையும் கூரை மூலைத் தகடுகளையும் வீட்டுக்காரர் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாத இடங்கள் அவை. கூரை நீட்டத்துக்குக் கீழே மழை படாத வரிசைகளை ஆனி, ஆடியில் மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும், மாமா இப்போது அதைச் செய்கிறார்.

பின்னறைச் சுவரின் அடியில், பலகை விளிம்புக்கு 150 மி.மீ. கீழே அஸ்திவாரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவைத்தேன், மணல் அந்தக் கோட்டைத் தொட்டால் ஒதுக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. போன ஆடியில் இரண்டு தடவை ஒதுக்கவேண்டி வந்தது. மேற்குச் சுவரில் 900 மி.மீ. இடைவெளி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. நடுக்கால்களுக்கான ட்யூப்பை வெட்டி, கால்வனைஸ் செய்ய மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் அண்ணனைப் பிடித்து, அவர் படகு வேலைக்குப் போவதற்கு முன் அந்தச் சுவரையும் இறக்கி ஏற்றிவிட வேண்டும், கச்சான் தொடங்கிவிட்டால் மேற்குப் பக்கம் சாரம் கட்ட முடியாது.